தோட்டத்தை ஊராக்கிய தாத்தா



நாளிதழ்களில் வரும் இரங்கல் அறிவிப்புகளை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். சிறிய படம் ஒன்று இருக்கும். அதன் கீழே பெயர், வயது, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக இருக்கும். பல அறிவிப்புகளில் இன்னொரு வரியும் காணப்படும்: 'அன்னார் ஒரு சமூகத் தொண்டர்.' அந்த ஒரு வரியோடு ஒரு மனிதரின் ஐம்பது ஆண்டு உழைப்பு முடிந்துவிடுகிறது. அவர் என்ன தொண்டு செய்தார்? யாருக்குச் செய்தார்? தம் வீட்டில் எதை விட்டுக்கொடுத்துச் செய்தார்? இந்தக் கேள்விகளுக்கு அந்த வரி விடை சொல்வதில்லை. காரியம் முடிந்து பந்தல் பிரித்த பிறகு, விடை தெரிந்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்துவிடுகிறார்கள்.

இன்றைய உரையில், ஜொகூர் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த அத்தகைய தாத்தாக்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒருவர் பெயரைச் சொல்லி அவரை மட்டும் புகழ்வது என் நோக்கமன்று. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய், மாசாய், கோத்தா திங்கி என்று எந்த வட்டாரத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கே அவரைப் போன்ற ஒருவர் இருந்திருப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள், உங்கள் தாத்தாவின் பெயரை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு செய்தியைக் கவனிப்போம். நம் முன்னோர் இந்த நாட்டுத் தோட்டங்களுக்கு வந்த தொடக்க காலத்தில், அங்கே தாத்தா என்ற உறவே அரிதாக இருந்தது. கேட்பதற்கு வியப்பாக இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது.

1909ஆம் ஆண்டில் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை முடிவடைந்தது. அதே காலத்தில் மேலை நாடுகளில் மோட்டார் வண்டிகள் பெருகின. டயர் செய்ய ரப்பர் தேவைப்பட்டது. ரயில் பாதையின் இருபுறமும் காடு வெட்டப்பட்டு ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. ஆள் வேண்டுமே! கங்காணிகள் கப்பலேறித் தம் சொந்தக் கிராமங்களுக்குப் போனார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார்கள். 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட குடியேற்ற நிதி கப்பல் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. அந்த நிதிக்கான பணத்தைத் தோட்ட முதலாளிகள் கட்டினார்கள்.

பணம் கட்டியவர்கள் எதிர்பார்த்தது உழைக்கும் கைகளை. ஆகவே வந்தவர்கள் இளைஞர்கள். அவர்களுடைய தாய் தந்தையர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். தோட்டத்தில் பிறந்த முதல் தலைமுறைக் குழந்தைகள், மடியில் உட்கார வைத்துக் கதை சொல்லத் தாத்தா இல்லாமலே வளர்ந்தார்கள்.

வந்த இளைஞர்களுக்கும் வயதாகாதா என்று கேட்கலாம். வயதாயிற்று. ஆனால் லயத்து வீடு வேலைக்காரனுக்கு உரியது. உளி பிடிக்கும் கை தளர்ந்தால் வீட்டின் மேலுள்ள உரிமையும் தளர்ந்தது. உழைக்க முடியாதவரைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பவும் அதே நிதியில் ஏற்பாடு இருந்தது. 1930ஆம் ஆண்டையொட்டி உலகப் பொருளாதார மந்தம் ஏற்பட்டு ரப்பர் விலை வீழ்ந்தபோது, பல்லாயிரக்கணக்கானவர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். ஆள் தேவைப்பட்டால் வரவழைப்பது, தேவையில்லையென்றால் அனுப்பிவிடுவது. அன்றைய கணக்கு அப்படித்தான் இருந்தது.

அத்தகைய இடத்தை ஊர் என்று சொல்ல முடியுமா? ஊர் என்றால் அங்கே கிழவர் இருக்க வேண்டும். சுடுகாடு இருக்க வேண்டும். கோயிலும் பள்ளியும் இருக்க வேண்டும். சண்டை வந்தால் தீர்த்து வைக்க ஒருவர் இருக்க வேண்டும். அதுவரை தோட்டம் வேலை செய்யும் இடமாக மட்டுமே இருந்தது. அதை ஊராக மாற்றியவர் நம் தாத்தா. சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் இதைச் செய்யவில்லை. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சொந்த நேரத்தைக் கொடுத்துச் செய்தார். அது எப்படி என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடியேறும் முறையைத் தடை செய்தது. புதிதாக ஆள் வருவது பெரிதும் குறைந்தது. இங்கே இருந்தவர்கள் இங்கேயே பிள்ளை பெற்று வளர்க்கத் தொடங்கினார்கள். நான் சொல்லும் தாத்தா, ஏறத்தாழ 1930ஆம் ஆண்டில் ஒரு லயத்து வீட்டில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம்.

அவருக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது போர் வந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ஜொகூருக்குள் நுழைந்தது. அந்த மாத இறுதியில் பிரிட்டிஷ் படை சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. அதற்குப் பின் வந்தது சயாம் ரயில் வேலை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதற்குள் காலரா, மலேரியா, வயிற்றுக்கடுப்பு, பட்டினி ஆகியவற்றால் மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள்.

தோட்டத்து லயங்களில் இதன் விளைவு என்ன? போனவர்களில் பலர் திரும்பவில்லை. இறந்தார் என்று சொல்லக் கடிதமும் வரவில்லை. தாலியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பெண்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை யார் வளர்த்தார்கள்? பக்கத்து வீட்டார் வளர்த்தார்கள். 'நம்ம பிள்ளைதான்' என்று சொல்லி, இருந்த கஞ்சியில் ஒரு பங்கு ஊற்றினார்கள். நம் தாத்தா தொண்டு என்பதை முதன்முதலில் பார்த்தது இங்கேதான். அந்தச் சொல்லைக்கூட அவர் அப்போது கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

போருக்குப் பின் நாட்டில் புதிய விழிப்பு ஏற்பட்டது. வடக்கே கெடா மாநிலத்தில், பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை ஒன்றைத் திரட்டினார். குடியை ஒழிக்க வேண்டும், தொழிலாளர் ஒழுங்கோடும் தன்மானத்தோடும் வாழ வேண்டும் என்பது அதன் முழக்கம். 1947ஆம் ஆண்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. போலீசாருடன் மோதல் ஏற்பட்டு உயிரிழப்பும் நேர்ந்தது. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்து, சம்பளத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகும்படி இருந்த காலம் அது. அந்தப் போராட்டச் செய்தி தெற்கே ஜொகூர் வரை வந்தது. பதினேழு வயது இளைஞனுக்குத் தொண்டர் என்ற சொல் அப்போதுதான் பொருள் உள்ளதாகத் தோன்றியிருக்கும்.

அடுத்த ஆண்டே, 1948இல், நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. ஜொகூர் அதன் கடுமையை நன்றாக உணர்ந்த மாநிலம். பல தோட்டங்களில் லயங்கள் கம்பி வேலிக்குள் வந்தன. ஊரடங்கு வந்தது, உணவுக் கட்டுப்பாடு வந்தது, அடையாள அட்டை வந்தது. காட்டோரத்தில் பால் வெட்டப் போகிறவன் இரு பக்கத்துக்கும் அஞ்சி நடந்தான். இத்தகைய நெருக்கடியிலும் வேலிக்குள்ளே திருவிழா நடந்தது, பள்ளி நடந்தது, கல்யாணம் நடந்தது. இவை தாமாக நடந்தவை அல்ல. யாரோ ஒருவர் துரையிடம் போய் அனுமதி கேட்டார். போலீஸ் நிலையத்தில் போய் எழுதிக் கொடுத்தார். இரவு பத்து மணிக்குள் எல்லாரும் வீடு திரும்புவார்கள் என்று பொறுப்பேற்றுக்கொண்டார்.

நேயர்களே, இப்போது அவருடைய அன்றாட வேலையைப் பார்ப்போம். விடியற்காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டும். இருட்டு விலகுவதற்குள் நிரைக்குப் போய், ஒவ்வொரு மரமாகப் பட்டையைச் சீவி மங்கு வைக்க வேண்டும். பிறகு பாலை எடுத்து, இரண்டு வாளிகளையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு வர வேண்டும். வீட்டுக்கு வரும்போது மதியம் தாண்டிவிடும். ஒரு மனிதன் படுத்துத் தூங்குவதற்கு இது போதுமான காரணம். நம் தாத்தா குளித்து, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே புறப்பட்டார்.

எங்கே போனார்? முதலில் பள்ளிக்கூடம். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்றது. அந்த வழக்கத்தையொட்டி ஜொகூர்த் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. சட்டம் பள்ளி வை என்றது. நல்ல கூரை போடு என்று சொல்லவில்லை. பல இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஆறு வகுப்பு. அத்தாப்புக் கூரை ஒழுகினால் மாற்றியது யார்? கை உடைந்த பெஞ்சுக்கு ஆணி அடித்தது யார்? பிள்ளைகளைப் பால்வெட்டுக்கு உதவியாக அழைத்துப்போன பெற்றோரிடம் போய், 'தம்பி, இவனைப் பள்ளிக்கூடம் அனுப்பிடுப்பா' என்று கெஞ்சியது யார்?

ஆறாம் வகுப்புக்குப் பின் இன்னொரு தடை இருந்தது. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி கற்று, பிறகுதான் முதலாம் படிவத்துக்குப் போக முடியும். பட்டணமோ பல கல் தொலைவு. பஸ் பிரதான சாலையில்தான் நிற்கும். தோட்டத்து மண் சாலையில் இருட்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆள் வேண்டும். பல பிள்ளைகளின் படிப்பு, அறிவுக் குறைவால் நின்றதில்லை. அந்தச் சில கல் தூரத்தால் நின்றது. கையில் விளக்கோடு முன்னால் நடக்க ஒரு தாத்தா இருந்த தோட்டத்திலிருந்து ஆசிரியர்களும் தாதியர்களும் வந்தார்கள். அப்படி ஒருவர் இல்லாத தோட்டத்துப் பிள்ளைகள் பலர் உளியைக் கையில் எடுத்தார்கள்.

அடுத்தது பாரம் எழுதும் வேலை. நாட்டு வரலாற்றின் பெரிய முடிவுகள் எல்லாம் தோட்டத்துக்குப் பாரங்களாகவே வந்து சேர்ந்தன. 1951ஆம் ஆண்டில் தொழிலாளர் சேமநிதி வந்தது. அதற்கு ஒரு பாரம். 1954ஆம் ஆண்டில் ஐந்து தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் பொதுச்செயலாளர் ஆனார். அவருடைய பெயரை வரலாறு வைத்திருக்கிறது. மாதா மாதம் லயம் லயமாகப் போய்ச் சந்தாவை வசூலித்து, ரசீது எழுதிக் கொடுத்த தோட்டக் கமிட்டித் தலைவர்களின் பெயர் எங்கே இருக்கிறது?

1957 ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு சுதந்திரம் அடைந்தது. பிறகு வந்த பாரம் எல்லாவற்றிலும் முக்கியமானது: குடியுரிமைப் பாரம். சுதந்திரத்தை அடுத்த ஓராண்டுக்குள் விண்ணப்பம் செய்த முதியவர்களுக்கு மலாய் மொழித் தேர்விலிருந்து விலக்கும் இருந்தது. சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி, வாழும் நாட்டின் குடியுரிமையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று தமிழரை ஓயாமல் வலியுறுத்தி வந்தார். ஆனால் பத்திரிகையைப் படிக்கத் தெரியாதவருக்கு அதை யார் சொல்வது? பிறந்த தேதி தெரியாதவருக்கு யார் எழுதிக் கொடுப்பது? ஒரு நாள் சம்பளத்தை இழந்து பட்டணத்துக்கு வர மறுப்பவரை யார் இழுத்துக்கொண்டு போவது?

'தாத்தா, எனக்கு எதுக்கு இந்தத் தாளு? நான் ஊருக்குப் போகப் போறவன்' என்று சொன்னவர்கள் உண்டு. 'நீ போவே, உன் பிள்ளை எங்கே போகும்?' என்று பதில் சொல்லி அவர்களை அழைத்துப் போன பெரியவர்களும் உண்டு.

அந்தப் பதில் எவ்வளவு சரியானது என்பது 1969இல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் திகைத்து நின்றார்கள். பல்லாயிரவர் மூட்டை கட்டிக்கொண்டு, தாம் நேரில் பார்த்தறியாத ஊர்களுக்கும் கப்பலேறினார்கள். 'ரஜூலா' கப்பலில் வந்த தகப்பனின் மகன், அதே கப்பலில் திரும்பிப் போன குடும்பங்கள் உண்டு. தோட்டத்தில் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பதில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பாரம் எழுதிக் கொடுத்த ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதும் ஒரு காரணமாக இருந்தது.

தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட கதையும் உங்களுக்குத் தெரியும். சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். தொழிலாளி வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தான். துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தவணையாகக் கட்டிய பங்குப் பணத்தைக் கொண்டே தோட்டம் வாங்குவது அதன் திட்டம். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சம்பந்தன் நேரில் தோட்டம் தோட்டமாகச் சென்றார் என்பது உண்மை. அவர் கார் போன பிறகு, அடுத்த தவணையும் அதற்கடுத்த தவணையும் தவறாமல் வரும்படி பார்த்துக்கொண்டவர், அந்தத் தோட்டத்திலேயே வாழ்ந்த ஒருவர். ஐம்பது பேருடைய பணம் ஓர் இரவு அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கும். அதில் ஒரு காசு குறைந்ததில்லை என்பதே அவருக்குக் கிடைத்த பட்டம்.

கோயிலையும் சொல்ல வேண்டும். ஜொகூர் பாருவில் இன்று கண்ணாடிக் கோயில் என்று உலகோர் வந்து பார்க்கும் ராஜ காளியம்மன் ஆலயம், 1922ஆம் ஆண்டில் சிறு குடிசையாகத் தொடங்கியது. தோட்டத்து மாரியம்மன் கோயில்களும் அப்படித்தான். ஒரு மரத்தடி, ஒரு கல், பிறகு தகரக் கூரை, பிறகு சிமெண்டுச் சுவர். தலைக்கட்டு வசூல், திருவிழாக் கணக்கு, அன்னதானம், யார் முதலில் மாலை வாங்குவது என்ற சச்சரவு, எல்லாம் அவர் தலையில்.

கடைசியாக, சாவு வீடு. தோட்டத்தில் ஒருவர் இறந்தால் முதலில் ஆள் ஓடுவது அவர் வீட்டுக்குத்தான். மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டு வர வேண்டும். இறப்புப் பதிவு செய்ய வேண்டும். குழி வெட்ட ஆள் அனுப்ப வேண்டும். வெளியூர் உறவுக்குத் தந்தி அடிக்க வேண்டும். மரண சகாய நிதியிலிருந்து பணத்தை எடுத்து, அந்த வீட்டுப் பெண் யாரிடமும் கையேந்தாதபடி, அவள் கையில் கொடுக்க வேண்டும். இறந்தவர் உற்றாரோ பகைவரோ, அவருக்கு அது ஒன்றுதான். இவர்களில் பலர் சயாமில் பெயரற்று மாண்ட தகப்பன்மாரின் பிள்ளைகள் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு சாவுக்கும் மரியாதை குறையக்கூடாது என்று அவர்கள் அவ்வளவு பிடிவாதமாக நின்றது ஏன் என்பது நமக்கு விளங்கும்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். வெளியே இத்தனை வேலை செய்தவர் வீட்டில் எப்படி இருந்தார்? பேரப்பிள்ளைகள் சொல்வது ஒன்று. பிள்ளைகள் சொல்வது இன்னொன்று. பேரன் சொல்வான்: 'தாத்தா சைக்கிள் முன்கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துப் பள்ளிக்குக் கூட்டிப் போவார், சம்பள நாளில் ரொட்டிக்காரனிடம் ரொட்டி வாங்கித் தருவார்.' மகன் சொல்வான்: 'அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட நாள் குறைவு.' இரண்டும் உண்மை. வயதான பிறகு கிடைத்த நேரத்தில், பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமற்போனதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் பலர்.

பாட்டியையும் மறந்துவிடக் கூடாது. அவரும் விடியலில் எழுந்தவர். அவரும் நிரை பிடித்துப் பால் வெட்டியவர். கணவர் கூட்டத்துக்குப் போயிருந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். நேரம் கெட்ட நேரத்தில் பாரத்தோடு வந்தவர்களுக்குத் தேநீர் கலந்து கொடுத்ததும் அவரே. கமிட்டிப் படங்களில் அவர் இருக்க மாட்டார். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஆண்களே. ஊர்ப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பச் சொன்னவரின் சொந்த மகள், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதற்காக ஆறாம் வகுப்போடு நின்ற வீடுகளும் உண்டு. சாதி பார்த்துப் பந்தி வைத்த கோயில் கமிட்டிகளும் உண்டு. தாத்தாவை நினைவுகூர்வது என்றால் இவற்றையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். குறை சொல்லாமல் மறைத்துவிட்டால், அவர் படத்தில் மாலைதான் மிஞ்சும். மனிதர் மிஞ்ச மாட்டார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. பாசிர் கூடாங்கில் 1977இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. ஜொகூரின் தென்பகுதியை இஸ்கந்தர் வட்டாரமாக வளர்க்கும் திட்டம் 2006இல் தொடங்கப்பட்டது. லயங்கள் இடிந்தன. குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறின. ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் பெயரில் 'லாடாங்' என்ற சொல் இன்னும் நிற்கிறது. லாடாங் என்றால் தோட்டம். சில இடங்களில் தோட்டமே இல்லை. பெயர் மட்டும் அதை நினைவில் வைத்திருக்கிறது.

தாமானில் வீடு சொந்தம். துரையின் அனுமதி வேண்டியதில்லை. மின்சாரம் உண்டு, தண்ணீர் உண்டு. இவை நாம் பட்டுப் பெற்ற நன்மைகள். ஆனால் பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்தால் குழி வெட்ட யாருக்குச் சொல்வது என்று அந்தத் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க முடியாமல் தவிக்கும் தாய்க்கு, எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்? விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவில் திரும்பும் தந்தைக்கு நேரம் இல்லை என்பது உண்மை. பெரட்டுக்கு எழுந்த தாத்தாவுக்கும் நேரம் இல்லாமல்தான் இருந்தது.

அந்தப் பண்பு அழிந்துவிடவில்லை. 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஜொகூரைப் பெருவெள்ளம் தாக்கியது. சிகாமட்டிலும் கோத்தா திங்கியிலும் வீடுகள் மூழ்கின. அப்போது துயர்துடைப்பு நிலையங்களில் அண்டா வைத்துச் சோறு பொங்கியவர்களும், இனம் பாராமல் முதியவர்களைத் தூக்கிக் கரை சேர்த்தவர்களும் இருந்தார்கள். ஆபத்து வரும்போது நாம் ஊராகிவிடுகிறோம். தாத்தா, ஆபத்து இல்லாத நாளிலும் ஊரை நடத்தினார். வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே நேயர்களே, இரண்டு காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, எழுதி வைப்போம். தாத்தா இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் பாட்டியிடமும் பழைய தோட்டத்து நண்பர்களிடமும் கேளுங்கள். தேதி கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. 'ஜப்பான்காரன் வந்தபோது உங்களுக்கு எத்தனை வயது? மெர்டேக்கா அன்று எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள்? சிவப்பு அட்டைப் பிரச்சினை வந்தபோது மூத்த பிள்ளை எந்த வகுப்பு?' என்று கேளுங்கள். 1942, 1957, 1969 என்று ஆண்டுகள் தாமே வந்து பொருந்தும். வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய அடையாள அட்டை, சங்கச் சந்தா ரசீது, கூட்டுறவுப் பங்குப் பத்திரம், திருவிழாக் கணக்கு நோட்டு, பள்ளிக் கமிட்டிப் படம் ஏதேனும் ஒன்று இருக்கும். படத்தின் பின்பக்கம் இடமிருந்து வலமாகப் பெயர்களைப் பென்சிலால் எழுதி வையுங்கள். அந்த முகங்களை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் இன்று மிகச் சிலரே. சிங்கப்பூர் 1979ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றுக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தி, சாதாரண மக்களின் குரலைப் பதிவு செய்யத் தொடங்கியது. நமக்கு அமைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் தொலைபேசியே போதும். கோயில் கணக்கு நோட்டையும் பள்ளிக் கூட்டக் குறிப்பையும் இடம் மாறும்போது குப்பையில் போட்டுவிடாதீர்கள். தாத்தாவின் கையெழுத்து அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, அவர் செய்த வேலைகளுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் செய்ய வேண்டாம், ஒன்று போதும். உங்கள் தெருவில் பாரம் எழுதத் தெரியாத ஒருவருக்கு மாதம் ஒரு மாலை ஒதுக்குங்கள். அல்லது பெற்றோர் வேலைக்குப் போன வீட்டுப் பிள்ளைகளை உங்கள் பிள்ளையோடு உட்கார வைத்துப் பாடம் சொல்லுங்கள். அல்லது பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மரண சகாய நிதியை மீண்டும் தொடங்குங்கள். கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். இம்முறை அந்தக் கமிட்டி நாற்காலிகளில் பெண்களும் உட்காரட்டும். உங்கள் பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போங்கள். தாத்தா பேரனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனது பள்ளிக்கு மட்டுமன்று. கூட்டத்துக்கும் சாவு வீட்டுக்கும் கோயில் வேலைக்கும் அதே சைக்கிளில்தான் போனார். பேரன் பார்த்துக்கொண்டே வளர்ந்தான்.

அடுத்த முறை ஓர் இரங்கல் அறிவிப்பை எழுத நேர்ந்தால், 'சமூகத் தொண்டர்' என்ற சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். 'முப்பது ஆண்டு பள்ளிக் கூரையைப் பழுது பார்த்தவர்' என்று எழுதுங்கள். 'நூறு பேருக்குக் குடியுரிமைப் பாரம் எழுதிக் கொடுத்தவர்' என்று எழுதுங்கள். அவர் என்ன செய்தாரோ அதை எழுதுங்கள். படிக்கிற பிள்ளை, தானும் அதைச் செய்யலாமே என்று ஒரு கணம் நினைக்கட்டும்.